எண்ணெய் தேய்த்த யூ.பி.எஸ்.

என் மருமகளுக்கு வேலை கிடைக்கக் கூடாது என்று நான் சதி செய்ததாக மதுரையில் எங்கள் கோச்சடைப் பக்கம் ஒரு பேச்சு உண்டு. சத்தியமாகச் சதி இல்லை. சதி செய்ய மூளை வேண்டும். அன்று என்னிடம் இருந்ததெல்லாம் ஒரு பழைய துணியும் கொஞ்சம் தேங்காய் எண்ணெயும்தான்.

மருமகள் பெயர் தமிழரசி. பிள்ளை பிறந்ததும் வேலையை விட்டவள், நாலு வருடம் கழித்துத் திரும்ப முயன்றாள். பெங்களூர் கம்பெனி ஒன்று, காலை பதினொரு மணிக்குக் கம்ப்யூட்டரிலேயே இன்டர்வியூ வைத்திருந்தது. எங்கள் தெருவில் கரண்ட் சொல்லாமல் போகும், சொல்லாமல் வரும் (எங்க வீட்டுக்காரர் மாதிரி). கரண்ட் போனால் கம்ப்யூட்டரைத் தாங்க வேண்டிய யூ.பி.எஸ். செத்துப் போயிருந்தது. கோரிப்பாளையத்துக் கடையில் புதிதாக ஒன்று வாங்கி வந்தாள். பழையதை எக்ஸ்சேஞ்சில் எடுத்துக்கொள்ள, இன்டர்வியூ அன்று காலை கடைக்காரரே வருவதாக ஏற்பாடு.

எக்ஸ்சேஞ்ச் என்றாலே எனக்குக் கை பரபரக்கும். பாத்திரக் கடைக்குப் பழைய குடத்தைக் கொண்டுபோனால், விளக்கி மினுங்க வைத்துத்தானே கொண்டுபோவோம்? அழுக்காகக் கொடுத்தால் கடைக்காரன் மூஞ்சியைச் சுளிப்பான். அதனால் அன்று காலையிலேயே பழைய யூ.பி.எஸ்ஸைத் துடைத்து, எண்ணெய் தொட்டுத் தேய்த்தேன். (புளி போட்டு விளக்கலாமான்னுதேன் மொதல்ல பாத்தேன். சாமி காப்பாத்துச்சு.) தேய்க்கத் தேய்க்க அது கல்யாணப் பெண் மாதிரி ஆகிவிட்டது. அதற்குள் தமிழரசி புதியதைப் பெட்டியிலிருந்து எடுத்துப் பக்கத்தில் வைத்துவிட்டுக் குளிக்கப் போய்விட்டாள். இரண்டும் கறுப்பு. இரண்டும் ஒரே கம்பெனி. நான் தேய்த்த தேய்ப்பில் இரண்டும் ஒரே மினுக்கம்.

வாசலில் வண்டிச் சத்தம்.

"அத்தை, கடைக்காரர் வந்துட்டாரு போல. பழசக் குடுத்து விட்ருங்க!" என்று குளியலறையிலிருந்து கத்தினாள்.

"நீ குளி ஆத்தா. நான் பாத்துக்கிறேன்."

நின்று பார்த்தேன். எது பழசு? அவளைக் கேட்கலாம்தான், மாமியார் கௌரவம் என்ன ஆவது? இரண்டையும் தூக்கிப் பார்த்தேன். ஒன்று அம்மிக்கல் மாதிரி கனத்தது. இன்னொன்று லேசு. குடமோ அண்டாவோ, கனமாக இருப்பதுதான் நல்ல சாமான். லேசாக இருந்தால் தேய்ந்துபோனது. ஐம்பது வருடப் பாத்திர ஞானம் தீர்ப்புச் சொன்னது. லேசானதைத் தூக்கிக் கடைக்காரர் கையில் கொடுத்தேன்.

"என்னம்மா, புதுசு மாதிரியே இருக்கு?"

"எங்க வீட்டுல சாமானை அப்படித்தேன் தம்பி வச்சுப் பொழங்குவோம்!"

அவருக்கு என்ன அவசரமோ, சாக்கில் போட்டுக் கட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார்.

ஈரத் தலையோடு வந்த தமிழரசி, "ஐய, புதுசையும் தொடச்சு வச்சுட்டீங்களா அத்தை!" என்று பூரித்துப்போய், இருந்ததை மாட்டினாள். கம்ப்யூட்டருக்கு உயிர் வந்தது. யூ.பி.எஸ்ஸில் ஒரு சிவப்பு விளக்கும் எரிந்தது. அவள் கம்ப்யூட்டரைப் பார்த்தாள். நான் விளக்கைப் பார்த்தேன். மங்களகரமாக இருக்கிறதே என்று கன்னத்தில் போட்டுக்கொண்டேன்.

இன்டர்வியூ தொடங்கிப் பத்து நிமிடம் இருக்கும். கண்ணாடி போட்ட ஒருவர் ஏதோ கேட்டார். தமிழரசி பதில் சொல்ல வாயைத் திறந்தாள். ஃபேன் நின்றது. கண்ணாடிக்காரர் காணாமல் போனார்.

அவள் மெதுவாகத் திரும்பினாள். "அத்தை, அவருகிட்ட எதக் குடுத்தீங்க?"

"லேசா இருந்தத."

"புதுசுதான் அத்தை லேசு!"

திட்டியிருந்தால் பதிலுக்குத் திட்டியிருப்பேன். அவள் கண்ணில் தண்ணீர் நின்றது. நாலு வருடம் காத்திருந்தவளை நாலே நிமிடத்தில் கவிழ்த்துவிட்டேனே!

"செல்லுல கூப்பிடு ஆத்தா. நான் பிடிச்சுக்கிறேன்" என்றேன்.

கூப்பிட்டாள். அவளுக்கு எதிரே முட்டி போட்டு, இரண்டு கையிலும் செல்லை ஏந்தி நின்றேன். மூக்கு அரித்தது; சொறியவில்லை. கை மரத்தது, இறக்கவில்லை. எதனால் தடங்கல் என்று கண்ணாடிக்காரர் கேட்டிருப்பார் போல. தமிழரசி இங்கிலீஷில் நீளமாகச் சொன்னாள். எனக்குப் புரிந்தது 'மதர் இன் லா' மட்டும்தான். அந்தப் பக்கம் எல்லாரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். எனக்கும் சிரிப்பு வந்து செல் ஆட, "ஆட்டாதீங்க அத்தை" என்று பல்லைக் கடித்தாள்.

வேலை கிடைத்துவிட்டது. அன்று சாயங்காலமே கடைக்காரரும் சாக்கோடு திரும்பி வந்து, "ஏம்மா, உங்க வீட்டுல புதுச எக்ஸ்சேஞ்சு போட்டு பழச வாங்குவீங்களா?" என்று கேட்டுவிட்டு, புதுசை வைத்துவிட்டுப் பழசை எடுத்துப் போனார்.

போன மாதம் பழைய ஃப்ரிட்ஜை எக்ஸ்சேஞ்சில் எடுக்க இரண்டு பேர் வந்தார்கள். வேடிக்கை பார்க்க நான் கூடத்தில் போய் நின்றேன். தமிழரசி ஓடி வந்து என் கையைப் பிடித்தாள்.

"உள்ள வாங்க அத்தை. எது பழசுன்னு தெரியாம உங்களையும் சேத்து ஏத்திருவாங்க."

"ஏத்தட்டும்டி" என்றேன். "தூக்கிப் பாத்தா அவிங்களுக்கே தெரியும். இம்புட்டு கனமான நல்ல சாமானை எவன் கொண்டுபோவான்?"