மூத்தவள் மாற்றிய விதி

போட்டியில் முதலாவதாக வரும் படகுக்கு ஹாரன் அடிப்பது மூத்தவளின் வேலை. படகு வந்துவிட்டது. கட்டைவிரல்தான் பொத்தானை அழுத்த மாட்டேன் என்றது.

"அடிம்மா! கோட்டைத் தாண்டிடுச்சு!" நடுவர் கோபுரத்துக்குக் கீழே நாற்காலியில் இருந்த சங்கத் தலைவர் இரண்டு கையையும் ஆட்டினார்.

"எந்தப் படகுன்னு சரியாத் தெரியலை சார்," என்று மூத்தவள் தொலைநோக்கியைச் சட்டை நுனியால் துடைத்தாள்.

தெரியாமல் என்ன? மஞ்சள் பாய். அதற்குக் கீழே உதட்டை இறுக்கி மூடிக்கொண்டு அவளுடைய ஓரகத்தி. மற்ற படகுகள் ஏரியின் நடுவில் இன்னும் காற்றைத் தேடிக்கொண்டிருந்தன.

ஒருவழியாக ஹாரன் ஒலித்தது. கரையில் மாமியார் எழுந்து நின்று கைதட்டினாள். "என் டாக்டர் மருமக! பல்லைப் பிடுங்குற மாதிரி கோப்பையைப் பிடுங்கிட்டா பாருங்க!"

மூத்தவள் மருந்துக்கடை வைத்திருப்பவள். ஊரில் பாதிப் பேரின் வயிற்றெரிச்சலுக்கு அவள்தான் மாத்திரை கொடுக்கிறாள். அன்று அவளுக்கு வந்த வயிற்றெரிச்சலுக்கு மட்டும் கடையில் சரக்கு இல்லை.

அந்தப் பாய்மரப் படகுச் சங்கத்தில் அவள்தான் விதிக்குழுச் செயலாளர். ஒருநாளும் படகு ஓட்டியதில்லை. ஆனால் விதிப்புத்தகம் தலைகீழ்ப் பாடம். யார் யாருக்கு வழிவிட வேண்டும், மிதவையைத் தொட்டால் எத்தனை வட்டம் அடிக்க வேண்டும் எல்லாம் நுனிநாக்கில். அவள் கோபுரத்தில் ஏறிச் சிவப்புக் கொடியை அசைத்தால், நரைத்த மீசைக்காரர்கள்கூடத் தலையைக் குனிந்துகொண்டு படகைத் திருப்புவார்கள். ஏரியில் அவள் வைத்ததுதான் சட்டம். வீட்டிலும் அப்படித்தான் இருந்தது, இளையவள் வரும்வரை.

இளையவள் பல் டாக்டர். அந்த வீட்டுக்கு மருமகளாக வந்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை. கொழுந்தனுக்குக் கால் சுளுக்கிக்கொண்டது. "படகு சும்மா கிடக்க வேண்டாம், காலேஜ்ல கொஞ்சம் ஓட்டியிருக்கேன்," என்று போனவள், போன முதல் நாளே இப்படி வந்து நிற்கிறாள்.

அதுகூடப் பரவாயில்லை. மூத்தவளின் கணவர், கடைசிக்கு முந்தின இடத்தைத் தன் பெயருக்குப் பட்டா போட்டு வைத்திருந்தவர், கரையேறியதும் முகமெல்லாம் பல்லாகச் சொன்னார்: "என்னமா ஓட்டுறா! நான் என் படகையே மறந்துட்டுப் பார்த்துட்டிருந்தேன்."

"தெரிஞ்சுது. படகும் உங்களை மறந்துட்டு மிதந்துட்டிருந்தது," என்றாள் மூத்தவள்.

வீட்டுக்குப் போனால், கூடத்து அலமாரியில் அவளுடைய 'சிறந்த நடுவர்' கேடயம் இருந்த இடத்தில் புதுக் கோப்பை மின்னியது.

"அத்தை, என் கேடயம் எங்கே?"

"ஃபிரிட்ஜ் மேல வெச்சிருக்கேம்மா. அது பிளாஸ்டிக்தானே, எங்க இருந்தா என்ன?"

பிளாஸ்டிக்தான். மூத்தவள் அறைக்குள் போய் விதிப்புத்தகத்தைப் பிரித்தாள்.

விதியை மாற்றத் தலைவர் ஒப்புக்கொண்டால் போதும். தலைவர் ஓய்வுபெற்ற ரயில் நிலைய அதிகாரி. வலது காது கேட்காது. அந்தக் காதுப் பக்கமாக எதைச் சொன்னாலும் மரியாதைக்குத் தலையாட்டிவிடுவார். மூத்தவள் அந்தப் பக்கமாகவே போய் உட்கார்ந்தாள்.

புது விதி தயாரானது. எடை குறைந்தவர்கள் ஓட்டும் படகு வேகமாகப் போகிறது, அது நியாயமில்லை, ஆகவே அப்படிப்பட்டவர்கள் படகில் தண்ணீர்க் கேன் ஏற்றிக்கொள்ள வேண்டும். அந்தச் சங்கத்தில் எடை குறைந்தவள் ஒருத்திதான்.

இரண்டு நாள் கழித்து இளையவள் மருந்துக்கடைக்கு வந்தாள். "அக்கா, அடுத்த போட்டி விஷயமா உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்..." என்று தயங்கினாள்.

புகார் சொல்ல வந்திருக்கிறாள் என்று மூத்தவள் நினைத்தாள். முந்திக்கொண்டாள். "உனக்காகத்தான் விதியையே மாத்தியிருக்கேன். பார்த்தியா?"

"எனக்காகவா?"

"பின்னே, வேற யாருக்காக?"

இளையவளின் கண் கலங்கிவிட்டது. வந்த விஷயத்தைச் சொல்லாமலே போய்விட்டாள். அழட்டும் என்று மூத்தவள் நிம்மதியாக மாத்திரை எண்ணினாள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை பேய்க்காற்று அடித்தது. படகுகள் ஒவ்வொன்றாகக் குப்புறக் கவிழ்ந்தன. மூத்தவளின் கணவர் கவிழ்ந்த படகின் மேல் குதிரைச் சவாரி போல உட்கார்ந்து கரையைப் பார்த்துக் கையசைத்தார். தண்ணீர்க் கேன்களின் கனத்தில் ஆணி அடித்தாற்போல நின்று, நேராக ஓடி வந்தது மஞ்சள் பாய் ஒன்றுதான்.

கரையேறிய இளையவள் வெளிறிய முகத்தோடு வந்து மூத்தவளின் கையைப் பிடித்துக்கொண்டாள். "அக்கா, அந்தக் கேன் மட்டும் இல்லேன்னா நான் இன்னைக்குத் தண்ணிக்குள்ளதான். எப்படிக்கா உங்களுக்குத் தோணுச்சு?"

"அது... ஏதோ... காத்து வரும்னு மனசுல பட்டுச்சு."

"ஓரகத்தின்னா இப்படி இருக்கணும்!" என்று மாமியார் நாலு பேர் காதுபடச் சொன்னாள்.

திட்டியிருந்தால் பதிலுக்குத் திட்டியிருக்கலாம். குழி பறித்தவளுக்கு மாலை போட்டால் அவள் என்னதான் செய்வாள்? மூத்தவள் பல்லெல்லாம் தெரியச் சிரித்துவிட்டு, வீட்டுக்கு வந்து வயிற்றெரிச்சல் மாத்திரை இரண்டை ஒன்றாக விழுங்கினாள்.

அடுத்த விதி: போன தடவை ஜெயித்தவர் இந்தத் தடவை மற்ற எல்லாரும் கிளம்பிய பிறகுதான் கிளம்ப வேண்டும்.

"அதெப்படி, அவ பாவமில்லையா?" என்றார் கணவர்.

"மத்தவங்க பாவமில்லையா? நீங்க பாவமில்லையா?"

"நான் பாவம்தான்," என்று அவர் உடனே ஒப்புக்கொண்டார்.

அன்றைக்கு ஹாரன் அடித்ததும் எல்லாப் படகும் ஒரே சமயத்தில் கோட்டைத் தாண்டப் பார்த்தன. ஜெயித்துப் பழகியவள் பின்னால் நிற்கிறாள், இன்றைக்கு விட்டால் என்றைக்கு என்ற அவசரம் எல்லாருக்கும். பாயும் பாயும் சிக்கிக்கொண்டன. "வழி விடுய்யா!", "நீ விடுய்யா!", "என் கயித்த விடுய்யா முதல்ல!" மோதியவர்களெல்லாம் தண்டனையாக வட்டம் அடிக்க வேண்டும் என்பது விதி. ஏரியில் அத்தனை படகும் செக்குமாடு போலச் சுற்றிக்கொண்டிருந்தன. கடைசியாகக் கிளம்பிய மஞ்சள் பாய் அந்தக் கும்பலை ஒதுங்கிக் கடந்து, காலியான ஏரியில் தனியாகப் போய்த் தனியாகத் திரும்பி வந்தது.

"நெரிசல்ல மாட்டக் கூடாதுன்னு அவளைப் பின்னால நிறுத்தினியே, உன் புத்தி யாருக்கு வரும்!" என்று மாமியார் மூத்தவளின் கன்னத்தைத் தடவினாள். ஃபிரிட்ஜ் மேலிருந்த கேடயத்தை மட்டும் இறக்கி வைக்கவில்லை. அலமாரியில் இப்போது கோப்பைகள் மூன்று.

மூத்தவளுக்கு அன்று முழுக்கச் சோறு இறங்கவில்லை. கேனும் சரியில்லை, நேரமும் சரியில்லை. இளையவளைத் தடுக்க வேண்டுமென்றால் ஓயாமல் குறை சொல்லும் ஒரு வாயை அவள் படகிலேயே ஏற்றிவிட வேண்டும். அப்படிப்பட்ட வாய் எங்கே இருக்கிறது? பக்கத்து அறையிலேயே இருந்தது. பேருந்தில் ஏறினால் ஓட்டுநருக்குப் பின்னால் உட்கார்ந்து "பிரேக் போடு, பிரேக் போடு" என்று ஊர் வந்து சேரும்வரை சொல்லிக்கொண்டே வரும் வாய்.

இனி ஒவ்வொரு படகிலும் அறுபது வயது தாண்டிய ஒருவர் துணையாக இருக்க வேண்டும் என்று விதி வந்தது. "அனுபவத்துக்கு மரியாதை," என்றாள் மூத்தவள். தலைவர் இந்தத் தடவை கேட்கும் காதாலேயே கேட்டுவிட்டு மனசாரத் தலையாட்டினார்.

"அத்தை, நீங்க சின்னவகூடப் போங்க. அவளுக்குப் புத்தி சொல்ல ஆள் வேணும்."

"நானா? தண்ணியிலயா?" என்ற மாமியார் உயிர்காப்புச் சட்டை போட்டுக்கொண்டு ஏறினாள்.

வாய் வேலை செய்தது. ஆனால் வெளிப்பக்கமாக. "ஏய் மீசை! வயசான பொம்பளை வர்றது தெரியலையா, தள்ளிப் போ!" என்ற குரல் ஏரி முழுக்கக் கேட்டது. விதிப்படி வழிவிட வேண்டாதவர்களும் மரியாதைக்கு வழிவிட்டார்கள். மஞ்சள் பாய் முதலாவதாக வந்தது.

கரையேறிய மாமியாருக்கு வயசு குறைந்துவிட்டிருந்தது. "இத்தனை வருஷமா என்னைக் கரையிலேயே உக்கார வெச்சுட்டீங்களே! நானும் சின்னவளும் இனிமே ஜோடி!" மருமகளின் தோளில் கையைப் போட்டுக்கொண்டே நடந்தாள்.

மூத்தவள் கோபுரத்தில் நின்றபடி அந்தக் கையைப் பார்த்தாள். கோப்பை போனால் போகட்டும். அந்தக் கை இத்தனை வருஷத்தில் ஒருநாளாவது தன் தோளில் விழுந்திருக்கிறதா? அத்தையைப் படகில் ஏற்றிவிட்டது யார்? தானேதான். வேலியில் போன ஓணானைப் பிடித்து மடியில் கட்டிக்கொண்ட கதைதான்.

"அடுத்த போட்டியில நானும் ஓட்டுறேன்," என்று அன்றைக்கே அறிவித்துவிட்டாள்.

"எதை?" என்றார் கணவர்.

துணைக்கு அவளுக்குக் கிடைத்தவர் தலைவர். ஹாரனைச் சுளுக்கு ஆறிய கொழுந்தனிடம் கொடுத்துவிட்டு, வாடகைக்கு எடுத்த படகில் ஏறினாள். ஏறியதுமே தெரிந்துவிட்டது, விதி தெரிவது வேறு, படகு தெரிவது வேறு என்று. ஹாரனுக்கு முன்பே படகு கோட்டைத் தாண்டிவிட்டது. அவளே எழுதிய விதிப்படி திரும்பி வந்தாள். மிதவையைத் தொட்டுவிட்டாள், யாரும் பார்க்காவிட்டாலும் ஒரு வட்டம் அடித்தாள். அந்த வட்டத்திலேயே இன்னொரு முறை தொட்டுவிட்டாள்.

"சார், அந்தக் கயித்தை இழுங்க!"

"எந்த ரயிலைம்மா?"

அப்போதுதான் குறுக்கே மஞ்சள் பாய் வந்தது. மூத்தவள் காற்றைப் பார்த்தாள். காற்று அவளுக்கு வலப்பக்கம். வலப்பக்கம் காற்று வாங்கும் படகுக்கு மற்றது வழிவிட்டே தீர வேண்டும். வாழ்க்கையில் முதல்முறையாக இளையவளைவிட அவளுக்கு உரிமை அதிகம்.

"வழி விடு!" என்று எழுந்து நின்று கத்தினாள். "விதி இருக்கு! வழி விடு!"

இளையவள் மறுபேச்சில்லாமல் படகைத் திருப்பி வழிவிட்டாள். அந்தச் சந்தோஷத்தில் மூத்தவள் கையிலிருந்த கயிற்றை விட்டுவிட்டாள். பாயின் அடிக்கட்டை சாவகாசமாகத் திரும்பி வந்து முதுகில் ஒரு தட்டுத் தட்டியது. அவள் ஏரியில் விழுந்தாள்.

மூக்கிலும் காதிலும் தண்ணீரோடு மிதந்தபோது ஒரு குரல் கேட்டது. "ஐயோ, என் மூத்தவ! என் மூத்தவ போயிட்டாளே!" மாமியாரின் குரல். காதில் தண்ணீர் புகுந்ததால் தப்பாகக் கேட்கிறதோ என்று மூத்தவள் சந்தேகப்பட்டாள்.

கோட்டுக்கு மிக அருகில் போய்விட்ட மஞ்சள் பாய் திரும்பி வந்தது. இளையவளும் மாமியாரும் ஆளுக்கொரு கையைப் பிடித்து இழுத்துப் போட்டார்கள். அந்த நேரத்தில் ஹாரன் ஒலித்தது. தன் பழைய வாத்தியாரோடு உலக விஷயம் பேசிக்கொண்டே வந்த மூத்தவளின் கணவர், கோட்டைத் தாண்டியது தெரியாமல் இன்னும் போய்க்கொண்டிருந்தார்.

கரையில் துண்டைப் போர்த்திக்கொண்டு மூத்தவள் உட்கார்ந்தாள். மாமியாரின் கை அவள் தோளில் இருந்தது, எடுக்கவே இல்லை. இளையவள் தோற்றுவிட்டாள். நினைத்தது நடந்துவிட்டது. இனிக்க வேண்டியது ஏனோ இனிக்கவில்லை.

படகைக் கட்டிய இளையவள் யாரோடும் பேசாமல், முகத்தை மூடிக்கொண்டு கொட்டகைக்குப் பின்னால் ஓடினாள்.

கோப்பை போன துக்கம். இருக்காதா பின்னே? மூத்தவளுக்கு மனசு கேட்கவில்லை. ஈரத் துண்டோடு எழுந்து போனாள். கொட்டகை மூலையில் கொழுந்தன் தண்ணீர் பாட்டிலோடு காவல் நின்றான்.

"தள்ளு தம்பி, அழுதுட்டிருக்கா பாவம். நான் சமாதானம் சொல்றேன்."

"அழலை அண்ணி, வாந்தி எடுக்குறா. படகுல ஏறினாலே அவளுக்கு இப்படித்தான். எப்படா கரை வரும்னுதான் அந்த வேகத்துல ஓட்டுறதே."

மூத்தவள் வாயைப் பிளந்தாள். "அப்புறம் எதுக்குடா வாரா வாரம் ஏறுறா?"

"முதல் போட்டியோட விட்டுடறேன்னு உங்ககிட்ட சொல்லத்தான் கடைக்கே வந்தா அண்ணி, நீங்க அவளுக்காக விதியையே மாத்திட்டேன்னதும், 'அக்கா இவ்வளவு ஆசையா இருக்காங்க, எப்படி நிறுத்துறது'ன்னு அன்னைலேர்ந்து பல்லைக் கடிச்சுக்கிட்டு ஓட்டிட்டிருக்கா!"