சங்கத் தலைவரின் கன்ன வீக்கம்

ஒரு காட்டில் நோயாளிகளுக்குப் பேச வரும். வைத்தியத்துக்கு அங்கே அதுதான் பெரிய இடைஞ்சல்.

அந்தக் காட்டின் டாக்டர் வஞ்சிக்கொடி என்ற மந்தி. ஒருநாள் அவளிடம் வீரபாகு என்ற கழுதைப்புலி வந்தார். புலால் மறுப்புச் சங்கத்தின் தலைவர். கன்னம் பலாக்காய் மாதிரி வீங்கி, வாய் திறக்க முடியவில்லை. மனைவி செண்பகம்தான் பேசினாள்.

"கடைசியா என்ன சாப்பிட்டார்?"

"வெள்ளரிக்காய், டாக்டர். அதுவும் பிஞ்சு."

டாக்டர் நம்பினாள். ஜீரணத்துக்கு மருந்து கொடுத்தாள். காய்ச்சல்தான் ஏறியது. திரும்ப வந்தார்கள், திரும்பக் கேட்டாள்.

"வெள்ளரிக்காயேதான். தோலைக்கூடச் சீவித்தான் கொடுத்தேன்."

மருந்தை மாற்றினாள். அடுத்த தடவை தலைவரை மான்கள் தூக்கி வந்தன. மூச்சு இழுத்தது. வாசலில் முயல்களும் ஆடுகளும் ஒப்பாரி வைத்தன.

டாக்டர் "இனி நீங்க ஒண்ணும் சொல்ல வேண்டாம்மா" என்று செண்பகத்தை உட்கார வைத்துவிட்டு, தலைவருக்கு மயக்க ஊசி போட்டாள். வாயைப் பிளந்து டார்ச் அடித்தாள். கடைவாய் ஈறில் சீழ். சீழுக்கு நடுவே ஒரு முள்ளம்பன்றி முள்.

சங்கத்தின் பொருளாளர் ஒரு முள்ளம்பன்றி. கொஞ்ச நாளாக ஆளைக் காணோம்.

முள்ளைப் பிடுங்கி, புண்ணைக் கழுவி முடித்தபோது தலைவர் கண் விழித்தார். முள்ளைப் பார்த்தார். டாக்டரைப் பார்த்தார்.

"டாக்டரம்மா..."

"நோயாளி விஷயம் வெளியே போகாது. தொழில் தர்மம்" என்றாள், அவர் பற்களைப் பார்த்தபடியே.

வெளியே வந்த டாக்டரிடம் முதலில் ஓடிவந்தது பொருளாளரின் மனைவி. "தலைவர் பிழைச்சுட்டாரா? எங்க வீட்டுக்காரர் இங்கே இருந்திருந்தா உயிரையே கொடுத்திருப்பார்."

"கொடுத்த மாதிரிதாம்மா." டாக்டர் கூட்டத்தைப் பார்த்துச் சொன்னாள்: "வெள்ளரிக்காய் ஒத்துக்கலை. அவ்வளவுதான்."

"பத்தியம் என்ன டாக்டர்?"

"மெத்துனு ஏதாவது. முள் இல்லாம."

கொழுகொழுவென்று இருந்த ஒரு முயல் முன்னால் வந்தது. "தலைவர் வீட்டிலேயே தங்கி நான் கவனிச்சுக்கறேன்."

டாக்டர் ஏதோ சொல்ல வாயெடுத்தாள். உள்ளேயிருந்து தலைவர் செருமினார். வாயை மூடிக்கொண்டாள்.

தலைவர் மளமளவென்று தேறினார்.

நீதி: டாக்டரிடம் எதையும் மறைக்காதீர்கள். மற்றவர்களிடம் மறைக்க அவர் உதவுவார்.