பத்து நிமிட நகரத்தில் முக்கால் மணி நேரம்

அன்பும் பண்பும் நிறைந்தவரும், என் மகளின் கோபத்தை ஏழு வருடமாகத் தாங்கி வருபவருமான மாப்பிள்ளை அவர்களுக்கு,

மாமனார் எழுதிக்கொள்வது. இங்கே நானும் உங்கள் அத்தையும் சுகம். அவளுக்கு முழங்கால் வலி, எனக்கு அவள் வலியைக் கேட்கும் வேலை. அங்கே நீங்களும் பாப்பாவும் பேத்தியும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். லிஃப்டைச் சரி செய்துவிட்டார்களா? போன வாரம் பாப்பா போனில் பேசும்போது மூச்சு வாங்கியது. பதறிப்போய் என்னம்மா என்று கேட்டால், "ஒண்ணுமில்லப்பா, ஒன்பதாவது மாடியில நிக்கிறேன், இன்னும் அஞ்சு இருக்கு" என்கிறாள்.

இதைப் போனிலேயே சொல்லியிருக்கலாம். ஆனால் நான் வாயைத் திறந்தாலே உங்களுக்கு மீட்டிங் வந்துவிடுகிறது. கடிதத்துக்கு மீட்டிங் கிடையாது. விஷயத்தை முதலிலேயே போட்டு உடைத்துவிடுகிறேன். நீங்கள் அடுத்த மாதம் குடும்பத்தோடு இந்த ஊருக்கே குடிவருகிறீர்கள். இதை நான் ஒரு பெரிய தொழிலதிபரிடம் சொல்லிவிட்டேன். நடந்ததை முழுதும் படித்தால் நீங்கள் கோபப்பட மாட்டீர்கள். பாப்பா கோபப்படுவாள், அதனால்தான் கடிதம் உங்கள் பெயருக்கு வருகிறது.

நான் நகராட்சிக் குடிநீர்ப் பிரிவில் முப்பத்திரண்டு வருடம் வேலை பார்த்தது உங்களுக்குத் தெரியும். எந்தத் தெருவில் எந்த வால்வு எத்தனை சுற்றில் மூடும் என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். ஊரில் பாதிப் பேருக்கு என் பெயரே தெரியாது, 'வால்வு சார்' என்றுதான் கூப்பிடுவார்கள். ஓய்வு பெற்று வீட்டில் உட்கார்ந்து உங்கள் அத்தையின் சமையலறைக் குழாயைத் தினமும் கழற்றி மாட்டிக்கொண்டிருந்தவனை, ஊருக்குத் தொழிற்சாலைகளையும் புதுக் குடும்பங்களையும் அழைத்துவர ஒரு வரவேற்புக் குழு போட்டிருக்கிறார்கள் என்று சொல்லி அதில் சேர்த்துக்கொண்டார்கள். சேர்க்கச் சொன்னதே உங்கள் அத்தைதான் என்று பிறகு தெரிந்தது. குழுவின் செயலாளர் மரச்சாமான் கடைக்காரர். நல்ல மனிதர், தங்கமான மனசு, வாயை மட்டும் மூட வராது. 'பத்து நிமிட நகரம்' என்று வழவழப்பான தாளில் ஒரு கையேடு போட்டார். எங்கிருந்து எங்கே போனாலும் பத்தே நிமிடம். மாப்பிள்ளை, அது விளம்பரமில்லை, சத்தியம். நானே கடிகாரத்தைக் கையில் பிடித்துக்கொண்டு அளந்தேன். நம் வீட்டிலிருந்து பள்ளிக்கூடம் நான்கு நிமிடம், ஆஸ்பத்திரி ஆறு, ஏரிக்கரை எட்டு, ரயில் நிலையம் ஒன்பது. நீதிமன்றம் மட்டும் பன்னிரண்டு வந்தது. "கோர்ட்டுக்குப் போறவன் எவன் சார் அவசரமாப் போறான்? விடுங்க" என்று செயலாளர் அதைக் கையேட்டிலிருந்தே தூக்கிவிட்டார்.

இப்படிப்பட்ட ஊருக்குத்தான் போன செவ்வாய்க்கிழமை ஓர் அம்மா வந்தார்கள். மூக்குக்கண்ணாடிக்கு வில்லை செய்யும் கம்பெனியின் முதலாளி. இருநூற்று நாற்பது பேருக்கு வேலை. ஏற்கெனவே ஐந்து ஊர்களைப் பார்த்துவிட்டு ஆறாவதாக நம் ஊருக்கு வந்திருந்தார்கள். இருநூற்று நாற்பது என்றால் உங்கள் ஊரில் ஒரு கட்டடத்துக் கூட்டம். இங்கே அப்படியில்லை. நம் தெருவில் பதினொரு வீடு, பதினொன்றிலும் மாடி பூட்டிக் கிடக்கிறது. நல்ல காற்று, நல்ல பள்ளிக்கூடம், படித்து முடித்த பிள்ளைக்கு மட்டும் வேலை இல்லை. கொஞ்சம் நன்றாகப் படித்தாலே பிள்ளை கைநழுவிப் போய்விடும் என்று ஆகிவிட்டது. இந்தக் கம்பெனி வந்தால் நாலு மாடியிலாவது விளக்கெரியும் என்று அன்று காலையில் சட்டைப் பொத்தானைப் போடும்போதே எனக்கு நெஞ்சு படபடத்தது.

படபடப்பு எனக்கு மட்டும் இருந்திருந்தால் பரவாயில்லை. செயலாளருக்கு முந்தின நாளே திடீரென்று ஒரு பயம். "நாம அமைதியான ஊருன்னு சொல்றோம். வர்றவங்க செத்த ஊருன்னு நினைச்சுட்டா என்ன சார் பண்றது?" என்றார். ஆகவே ஊர் சுறுசுறுப்பாகத் தெரிய வேண்டும் என்று, காலை பத்து மணிக்கு ரயில் நிலையச் சாலையில் ஆளுக்கொரு வண்டியை ஓட்டிக்கொண்டு வரும்படி எல்லாக் கடைக்காரர்களையும் கேட்டுக்கொண்டார். கூப்பிட்டால் வராதவர்கள் இந்த ஊரில் கிடையாது. அதுதான் இந்த ஊரின் பெருமை, அன்றைக்கு அதுவே வினையாகப் போயிற்று. கடைக்காரர்கள் வந்தார்கள், அவர்கள் தம்பிகள் வந்தார்கள், தம்பிகளின் மாமனார்கள் வந்தார்கள். காலிப் பள்ளிப் பேருந்து இரண்டு வந்தன. சிமென்ட் கலக்கும் வண்டி ஒன்று சுற்றிக்கொண்டே வந்தது. ஓட்டுநர் பயிற்சிப் பள்ளிக்காரர் பாசத்தோடு தன் நான்கு கார்களையும் அனுப்பினார், நான்கையும் ஓட்டி வந்தவர்கள் அந்த வாரம் சேர்ந்த மாணவர்கள். அதில் ஒரு கார் நாற்சந்தியின் நட்ட நடுவில் குறுக்காக நின்று உயிரை விட்டது. போக்குவரத்துக் காவலருக்கு ஒன்பது வருடத்தில் முதல் முறையாக வேலை கிடைத்த சந்தோஷம். நான்கு பக்கமும் ஒரே நேரத்தில் 'வா வா' என்று கையைக் காட்டிவிட்டார். அத்தோடு எல்லாம் நின்றது. இந்த ஊரின் முதல் போக்குவரத்து நெரிசல் மாப்பிள்ளை, அதன் நடு மையத்தில் எங்கள் கார், காருக்குள் முன்னால் செயலாளர், பின்னால் நானும் அந்த அம்மாவும்.

கால் மணி நேரம் கார் ஓர் அங்குலம் நகரவில்லை. அப்புறம் அந்த அம்மா, "தினமும் இப்படித்தானா?" என்று கேட்டார்கள். செயலாளருக்கு முகமெல்லாம் பல். "தினமும் இப்படித்தாம்மா! இன்னிக்கு எவ்வளவோ பரவாயில்ல!" என்றார். அந்த அம்மா கைப்பையிலிருந்து ஒரு நோட்டை எடுத்து ஏதோ எழுதினார்கள். பாராட்டித்தான் எழுதுகிறார்கள் என்று செயலாளர் எனக்குக் கண்ணைக் காட்டினார். நான் மெல்ல எட்டிப் பார்த்தேன். 'சாலை: மிக மோசம்' என்று எழுதி அடியில் இரண்டு கோடு போட்டிருந்தது. சொந்தக் காசில் சூனியம் என்பார்களே, நாங்கள் ஊரையே கூட்டி வைத்துக்கொண்டோம். உண்மையைச் சொல்லலாமா வேண்டாமா என்று நான் விழித்துக்கொண்டிருக்கும்போதே முன்வண்டியிலிருந்து மருந்துக் கடைக்காரர் இறங்கி வந்து கண்ணாடியைத் தட்டி, "வால்வு சார், எப்ப கலையலாம்? கடையைத் திறந்து போட்டுட்டு வந்திருக்கேன்" என்றார்.

அந்த அம்மா என்னைப் பார்த்தார்கள், மருந்துக் கடைக்காரரைப் பார்த்தார்கள். "கடையைத் திறந்து போட்டுட்டா வந்தீங்க? யாராவது எடுத்துட்டுப் போயிட்டா?" என்று கேட்டார்கள். "யாரும்மா எடுக்கப் போறாங்க? எல்லாரும் இங்கதானே இருக்காங்க!" என்றார் அவர். அந்த அம்மா சிரிக்க ஆரம்பித்து, மூக்குக்கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொள்ளும் வரை சிரித்தார்கள். நான் எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டேன். "அம்மா, இதெல்லாம் எங்க சொந்தக்காரங்க. நாளைக்கு வந்து பாருங்க, இந்த ரோட்டுல நீங்க பாய் விரிச்சுப் படுக்கலாம்." செயலாளர் முன்னிருக்கையில் கையேட்டால் முகத்தை மூடிக்கொண்டார்.

வண்டிகள் கலைவதற்கு இன்னும் அரை மணியாகும் போலிருந்தது. அந்த நாற்சந்தியில்தான் தீயணைப்பு வண்டிக்குத் தண்ணீர் பிடிக்கும் குழாய் இருக்கிறது. நான் போட்ட குழாய். சும்மா உட்கார்ந்திருப்பானேன் என்று அந்த அம்மாவை இறக்கிக் கூட்டிப்போனேன். வில்லை தேய்க்கச் சுத்தமான தண்ணீர் வேண்டும் என்று காலையிலேயே சொல்லியிருந்தார்கள். செயலாளரும் பின்னாலேயே வந்து, கையேட்டுக் கட்டோடு குழாய்க்கு நேர் எதிரே நின்று, நம் நகரத்தின் நீர்வளம் என்று பேச்சைத் தொடங்கினார். தள்ளி நில்லுங்கள் என்று இரண்டு முறை சொன்னேன். பேச்சு நிற்கவில்லை. நான் வால்வை இரண்டே சுற்றுத்தான் திறந்தேன். அப்புறம் செயலாளரைக் காணோம். கையேடுகள் எல்லாம் சிமென்ட் வண்டிக்கு அடியில் மிதந்தன. அவரை எழுப்பி உட்கார வைக்க மூன்று பேர் ஓடினார்கள். அந்த அம்மா எதையும் கவனிக்கவில்லை. ஒரு சின்னச் சீசாவில் தண்ணீரைப் பிடித்து வெயிலுக்கு நேராகத் தூக்கிப் பார்த்தார்கள், ஒரு வாய் குடித்தார்கள். "தண்ணி ரொம்ப நல்லா இருக்கு. ரொம்ப நல்லாப் பாத்துக்கிட்டு இருக்கீங்க" என்றார்கள்.

மாப்பிள்ளை, முப்பத்திரண்டு வருடத்தில் என்னிடம் இதை யாரும் சொன்னதில்லை. தண்ணீர் வராவிட்டால்தான் போன் வரும். வந்தால் யார் போன் செய்வார்கள்? வால்வை மூடும் சாக்கில் குனிந்துகொண்டேன். அந்த நேரம் பார்த்து அந்த அம்மா கேட்டார்கள்: "இவ்வளவு நல்ல ஊரு. உங்க பிள்ளைங்களும் இங்கதான் இருக்காங்களா?" இல்லை என்று எப்படிச் சொல்வேன்? தன் பெண்ணையே பிடித்து வைத்துக்கொள்ள முடியாதவன் இருநூற்று நாற்பது பேரைக் கூப்பிடுகிறான் என்று நினைக்க மாட்டார்களா? "ஒரே பொண்ணும்மா. மாப்பிள்ளையும் அவளும் அடுத்த மாசம் இங்கயே வந்துடறாங்க" என்று சொல்லிவிட்டேன். "சந்தோஷம். கையெழுத்துப் போட வரும்போது உங்க மாப்பிள்ளைய அவசியம் பாக்கணும்" என்றார்கள்.

ஆக, இப்போது ஊரின் எதிர்காலம் உங்கள் கையில் இருக்கிறது. நிதானமாக யோசியுங்கள். உங்கள் வேலை கணினியில். அதை எங்கே வைத்துத் திறந்தாலும் அதுதான் ஆபீஸ் என்று நீங்களே சொல்லியிருக்கிறீர்கள். இன்டர்நெட் கம்பிக்காரரை மாடிக்கு வரவழைத்துச் சோதித்தாயிற்று. பாப்பாவின் பிசியோதெரபி வேலைக்கு ஆஸ்பத்திரியில் எட்டு மாதமாக ஆளில்லை, இந்த ஊரில் முதுகு வலிக்காதவர்களும் இல்லை. குறை சொல்ல வேண்டுமென்றால் ஒன்றே ஒன்று. இங்கே ரகசியம் தங்காது. காய்ச்சல் மாத்திரை வாங்கிக்கொண்டு வீடு திரும்புவதற்குள் மூன்று பேர் வாசலில் நின்று எப்படி இருக்கிறது என்று கேட்பார்கள். பாப்பா அதற்குப் பயந்துதான் போனாள் என்று எனக்குத் தெரியும். ஆனால் அங்கே போன வருடம் பேத்திக்கு மூன்று நாள் காய்ச்சல் அடித்தபோது பக்கத்துக் கதவு திறக்கவே இல்லை என்று அவளேதான் சொல்லி வருத்தப்பட்டாள்.

இதில் என் சுயநலம் கடுகளவும் கிடையாது. முழுக்க முழுக்க ஊர் நலன் கருதி, இருநூற்று நாற்பது குடும்பங்களின் சார்பில் கேட்டுக்கொள்கிறேன். நீங்கள் மூவரும் நோய் நொடியின்றி, படியேறும் தேவையின்றி நீடூழி வாழ வேண்டும் என்று ஆசீர்வதிக்கும்,

உங்கள் மாமனார்,
உறுப்பினர், நகர வரவேற்புக் குழு

பின்குறிப்பு: உறையை ஒட்டப்போகும் நேரத்தில் செயலாளர் தும்மிக்கொண்டே ஓடிவந்தார். அந்த அம்மா இன்று காலையே கையெழுத்துப் போட்டு அனுப்பிவிட்டார்களாம். தண்ணீருக்காகவாம். மாப்பிள்ளை வருவதற்குக் கொஞ்சம் தாமதமாகலாம் என்று செயலாளர் போனில் இழுத்திருக்கிறார். அதற்கு அந்த அம்மா, "அதை நான் நம்பவே இல்ல சார். பாத்த அஞ்சு ஊர்லயும் கூட்டிட்டுப் போனவங்க, பிள்ளைங்க அடுத்த மாசம் வந்துடுவாங்கன்னுதான் சொன்னாங்க. உங்க வால்வு சார் ஒருத்தருக்குத்தான் அதைச் சொல்லும்போது கண்ணு கலங்குச்சு" என்றார்களாம். ஆகவே மேலே எழுதிய எதுவும் செல்லாது. ஊர் பிழைத்துவிட்டது, ஊருக்காக நீங்கள் வர வேண்டிய அவசியம் இல்லை. உங்கள் அத்தையிடம் சொன்னேன். "அப்ப லெட்டரைக் கிழிச்சுப் போடுங்க" என்றாள். சமையலறைக்குப் போனவள் உடனே திரும்பி வந்து, "கிழிக்க வேணாம், அனுப்புங்க" என்றாள். அனுப்புகிறேன். இனி உங்களைக் கூப்பிட என்னிடம் பொதுக் காரணம் ஒன்றும் இல்லை, மாப்பிள்ளை. வந்துவிடுங்கள்.