பெஞ்சின் நடு இடம்

அல்வால் பூங்காவின் சிமெண்டு பெஞ்சில் ஒருவருடைய அந்தஸ்தை அவருடைய மாத்திரை டப்பாவே நிர்ணயித்து வந்தது. சொந்த வீடு, அமெரிக்காவில் மகன் எல்லாம் அதற்குப் பிறகுதான். ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்ற லட்சுமணனுக்கு ஒன்பது மாத்திரை. ஆகவே பெஞ்சின் நடு இடம் அவருக்கு.

ஒரே குறை. உட்கார்ந்தால் எழுந்திருக்க முடியாது. எழுந்தால் தலை சுற்றும். கால் வேறு பூசணிக்காய் மாதிரி வீங்கியிருந்தது.

மனைவி தாயம்மாள் அவரை ஆட்டோவில் போட்டு, செகந்திராபாத்தில் அவர் வழக்கமாகக் காட்டும் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனாள். லிஃப்டுக்குப் பக்கத்தில் புதிதாக ஒரு கண்ணாடி அறை. ‘கிளினிக்கல் ஃபார்மசிஸ்ட்’ என்று பலகை. பெரிய ஆஸ்பத்திரி என்றால் இப்போது அப்படி ஒருவர் இருந்தாக வேண்டுமாம். டாக்டர்கள் எழுதிய மருந்தைச் சரிபார்ப்பது அவர் வேலை. தப்பு இருந்தால் சொல்லலாம். சொன்னதைக் கேட்க வேண்டும் என்று யாருக்கும் உத்தரவில்லை.

உள்ளே பூர்ணா என்ற பெண். டப்பாவை மேஜையில் கவிழ்த்தாள்.

“அங்கிள், இந்த வெள்ளையும் மஞ்சளும் ஒரே பிரஷர் மருந்து. கம்பெனிதான் வேற. ஹார்ட் டாக்டர் ஒண்ணு, கிட்னி டாக்டர் ஒண்ணு கொடுத்திருக்காங்க. டபுள் டோஸ், கால் வீங்குச்சு. வீக்கத்துக்கு ஒண்ணு. அதுல தலை சுத்துச்சு. அதுக்கு ஒண்ணு.”

“அப்போ இவர் நோவு?” என்றாள் தாயம்மாள்.

“பாதி டப்பாலதான் இருக்கு, ஆன்ட்டி.”

லட்சுமணனுக்குப் பொறுக்கவில்லை. “பெரிய டாக்டருங்க கொடுத்ததும்மா. உனக்கு எதுக்கு இந்த வம்பு?”

விஷயம் மருந்துப் பாதுகாப்பு உயர்மட்டக் குழுவின் மேலான பரிசீலனைக்குப் போனது. ஒரு மாத்திரையை நிறுத்துவதில் இரண்டு டாக்டர்களுக்குமே ஆட்சேபணை இல்லை. மற்றவருடையதை நிறுத்தலாம் என்று இருவரும் கையெழுத்துப் போட்டார்கள்.

குழுத் தலைவர் கிருஷ்ணமூர்த்தி ஆழ்ந்து யோசித்தார். “இரண்டு உத்தரவையும் நிறைவேற்றினால் பிரஷருக்கு மருந்தே இருக்காது. ஒன்றை நிறைவேற்றினால் ஒரு டாக்டர் வருத்தப்படுவார். ஆகவே தற்போதைய நிலையே நீடிக்கும்.”

“பேஷண்ட் கீழே விழுந்தா, சார்?” என்றாள் பூர்ணா.

“அது எலும்பு டிபார்ட்மெண்ட், அம்மா.”

பூர்ணா வாதாடவில்லை. முதலில் வந்த கையெழுத்தை நிறைவேற்றினாள். அடுத்ததன் மேல் ‘பரிசீலனையில் உள்ளது’ என்று எழுதினாள். ஆபீஸ் பாஷை. தலைவரால் மறுக்க முடியவில்லை.

மஞ்சள் போயிற்று. வீக்கம் வடிந்தது. வீக்க மாத்திரையும் சுற்றல் மாத்திரையும் தேவையில்லாமல் போயின. சத்து மாத்திரை மூன்று எதற்கு என்று எழுதியவருக்கே நினைவில்லை. அவையும் போயின.

லட்சுமணன் யார் கையையும் பிடிக்காமல் பூங்காவுக்கு நடந்து போய் டப்பாவைத் திறந்தார். மூன்று.

நடு இடத்தில் எட்டு மாத்திரை இராமச்சந்திரன் உட்கார்ந்திருந்தார். “என்ன லட்சுமணா, பென்ஷனைக் குறைச்சுட்டாங்களா?”

அன்றே லட்சுமணன் ரோஸ் நிறச் சோம்பு மிட்டாய் வாங்கி, டப்பாவின் காலிக் குழிகளை நிரப்பினார். பெஞ்சில் எல்லோரும் பார்க்க, தலையை அண்ணாந்து தண்ணீரோடு விழுங்கினார்.

“அந்த ரோஸ் எதுக்குப்பா?”

“நடக்கிறதுக்கு.”

மறுவாரம் கண்ணாடி அறை முன்னால் மொத்த பெஞ்சும் நின்றது. மாத்திரையைக் குறைக்க அல்ல.

“ஹவ், ஆமா, இதேதான் வேணும்,” என்று அப்துல் காதர் ஒன்றை நீட்டினார். பூர்ணா முகர்ந்து பார்த்தாள்.

“இது சோம்பு மிட்டாய், அங்கிள்.”

“பேரு தெரிஞ்சுபோச்சில்ல? எழுதும்மா.”

எழுத அவளுக்கு அதிகாரமில்லை. குழு கூடியது. ரோஸ் யாருடைய மாத்திரையும் அல்ல என்பதால் யாருக்கும் வருத்தமில்லை. இரண்டு டாக்டர்களும் முதல் முறையாக ஒரே காகிதத்தில் கையெழுத்துப் போட்டார்கள். காலையில் இரண்டு, ராத்திரி இரண்டு.

சில மாதத்தில் லட்சுமணனுக்குச் சர்க்கரை ஏறியது. அதற்கு ஒரு மாத்திரை. அது வயிற்றைக் கலக்கியது. அதற்கு ஒன்று. அதில் தலை சுற்றியது. அதற்கும் ஒன்று. இப்படியே ரோஸைச் சேர்க்காமலே டப்பா மறுபடி ஒன்பதைத் தொட்டது.

நடு இடம் திரும்பக் கிடைத்துவிட்டது. கம்பீரமாக உட்கார்ந்திருக்கிறார். எழுந்திருக்கத்தான் இரண்டு பேர் வேண்டியிருக்கிறது.