சங்குமுனைக்குத் தூண்டில் வளைவு வந்த விதம்

நலத்திட்டப் பணிகள் எந்த அளவில் இருக்கின்றன என்று நேரில் போய்ப் பார்த்து அதிகாரிகள் இனி வெயிலில் வாட வேண்டாம், தடங்கலின்றி ஓடும் காணொளியாகப் பார்த்துத் திருப்தி அடைந்தால் போதும் என்று மேலிடத்திலிருந்து ஒரு சுற்றறிக்கை வந்தது. எல்லா அலுவலகங்களும் மகிழ்ந்தன. தூத்துக்குடியில் ஒரே ஒரு அலுவலகம் மட்டும் கவலைப்பட்டது. அங்கே பணி என்று இருந்தது கொஞ்சம் புகைப்படங்கள்தான்.

அந்தப் படங்களைப் பென்டிரைவில் போட்டுக்கொண்டு செயற்பொறியாளர் ஆறுமுகநயினார் பெனிஸ்டனின் ஸ்டுடியோவுக்கு வந்தார். பெனிஸ்டன் நாசரேத்துக்காரன். தூத்துக்குடியில் கல்யாண வீடியோ எடிட் செய்து பிழைக்கிறவன். மாப்பிள்ளை தும்மியதை வெட்டி எடுப்பான், மாமியார் முகத்தில் இல்லாத சிரிப்பை ஒட்டவைப்பான். அரசாங்கம் தன் வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வரும் என்று அவன் கனவிலும் நினைத்ததில்லை.

விஷயம் சங்குமுனை பற்றியது. அந்தக் கடற்கரை ஊரைக் கடல் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்றுகொண்டிருந்தது. அலையின் வேகத்தை உடைக்க, கரையிலிருந்து கடலுக்குள் கல்லைக் கொட்டித் தூண்டில் முள் மாதிரி வளைத்துக் கட்டுகிற தூண்டில் வளைவு வேண்டும் என்று ஊரார் கேட்டுக் கேட்டுத் தொண்டை வற்றிய பிறகு அனுமதி வந்தது. மாதாமாதம் கரையில் சிலுவை நிற்கும் குருசடிக்குப் பக்கத்தில் ஒரே இடத்தில் நின்று படம் எடுக்கவும் உத்தரவானது. முதல் படத்தில் கடல் இருந்தது. அடுத்ததில் கடலும் அடிக்கல் விழாப் பந்தலும். அதற்கடுத்ததில் ஒரு லாரிக் கல்லும் அதன்மேல் ஓர் ஆடும். பிறகு வந்த படங்களில் ஆடு மட்டும் இடம் மாறியிருந்தது. ஆனால் கடைசிப் படத்தில் தூண்டில் வளைவு முழுசாக, கம்பீரமாகக் கடலுக்குள் கிடந்தது. மேலே வெள்ளைப் பறவைகள் வேறு.

கடைசிப் படம் எப்போது எடுத்தது என்று பெனிஸ்டன் கேட்டான்.

"அது எடுத்ததில்ல, வரைஞ்சது. திட்ட அறிக்கையோட அட்டைப் படம்" என்றார் ஆறுமுகநயினார், ஒளிவு மறைவில்லாமல். "முதல் படத்துல இருந்து அங்கன போய்ச் சேரணும். நடுவுல குலுங்கக் கூடாது. அவ்வளவுதான்."

வெறுமனே கோத்தால் படம் படமாகத் துள்ளும், ஆனால் இரண்டு படத்துக்கு நடுவில் இல்லாத படங்களைத் தானே வரைந்து செருகுகிற சாஃப்ட்வேர் இருக்கிறது என்று பெனிஸ்டன் விளக்கினான். "நடந்துச்சா நடக்கலையான்னு அது பாக்காது சார். நடுவுல என்ன இருந்திருக்கும்னு அதுவே நெனச்சுக்கிடும்."

ஆறுமுகநயினாருக்குக் கண் கலங்கிவிட்டது. இப்படி ஓர் உதவிப் பொறியாளர் கிடைக்கமாட்டாரா என்று பணிக்காலம் முழுவதும் ஏங்கியதாகச் சொன்னார்.

சாஃப்ட்வேர் மத்தியானம் முழுக்க ஓடியது. கற்கள் தண்ணீருக்குள்ளிருந்து இட்லி மாதிரி உப்பி உப்பி எழுந்தன. ஆட்டை என்ன செய்வதென்று தெரியாமல் சாஃப்ட்வேர் அதை மெல்ல மெல்லக் கிரேன் ஆக்கியிருந்தது. விழாப் பந்தலில் கும்பிட்டு நின்ற ஒருவர், மூன்று கைகளோடு கல் தூக்கும் மேஸ்திரியாக மாறியிருந்தார். அவரை அழித்துவிடலாம் என்றான் பெனிஸ்டன். இருக்கட்டும், ஆள் நடமாட்டம் வேண்டும் என்று ஆறுமுகநயினார் தடுத்துவிட்டார்.

ஆய்வுக் கூட்டத்தில் காணொளி ஓடியது. மேலதிகாரி ஒருவர் மட்டும் படத்தை நிறுத்தச் சொல்லி, அந்த மேஸ்திரிக்கு ஏன் மூன்று கை என்று கேட்டார். ஆறுமுகநயினார் எழுந்து, "பணியை விரைந்து முடிக்கக் கூடுதல் கைகள் அமர்த்தப்பட்டன ஐயா" என்றார். அது அப்படியே கூட்டக் குறிப்பில் ஏறியது. தூண்டில் வளைவு நிறைவுற்றதாக அறிவிக்கப்பட்டது. காணொளி வாட்ஸ்அப்பில் மஸ்கட் வரைக்கும் போனது.

பிறகுதான் ரோச் ஸ்டுடியோவுக்கு வந்தார். சங்குமுனையில் கடலை ஒட்டிய கடைசி வீடு அவருடையது. அடுக்களைச் சுவரைப் போன தடவை அலை கொண்டுபோயிருந்தது. அவர் சத்தம் போடவில்லை. நடந்ததை மட்டும் சொன்னார். வளைவே இல்லை என்று அலுவலகத்தில் சொன்னாராம்; காணொளியைக் காட்டினார்களாம். வந்து பாருங்கள் என்றாராம். நேரில் பார்க்கும் முறை ஒழிக்கப்பட்டுவிட்டது, இல்லாத வளைவையும் காணொளியாகத்தான் தர வேண்டும் என்றார்களாம். செல்போனில் எடுத்துக் கொடுத்ததைக் குலுங்குகிறது என்று திருப்பிவிட்டார்கள்.

பெனிஸ்டன் தானே ஸ்டாண்டும் கேமராவுமாகச் சங்குமுனைக்குப் போய், குருசடிக்குப் பக்கத்தில் நின்று வெறுங்கடலைத் துளிக்கூடக் குலுங்காமல் எடுத்துக் கொடுத்தான். பதில் வந்தது: 'தாங்கள் அளித்த காணொளியில் தூண்டில் வளைவு காணப்படாததால், அது சங்குமுனையில் எடுக்கப்பட்டதாகக் கருத இயலவில்லை.'

இனி கலெக்டரிடம் போவதுதான் வழி என்று ஆனது; மனுவும் போட்டார்கள். வரும் திங்கட்கிழமை குறைதீர்க்கும் நாளில் ஊரோடு வருவதாக ரோச் சொன்னார். அந்த வீடியோவைச் செய்தது நான்தான், அதில் இருப்பது எதுவும் கடலில் இல்லை என்று தன் வாயால் சொல்வதாகப் பெனிஸ்டன் ஒத்துக்கொண்டான். அதோடு ஸ்டுடியோவுக்குப் பூட்டுதான் என்றாள் அவன் மனைவி ஜெபசுதா. அவனுக்கும் பயம்தான். ஆனாலும் இஸ்திரி போட்ட சட்டையோடு போய்க் கலெக்டர் ஆபீஸ் வாசலில் நின்றான்.

ரோச் தனியாக வந்தார். முகத்தைப் பார்க்காமல் பேசினார்.

"மகளுக்கு மணப்பாட்டுல இடம் பாத்திருந்தோம் தம்பி. நாளைக்குக் கடல் வீட்ட எடுத்துட்டா நாங்க குடும்பத்தோட அங்கன போய் உக்காந்துருவோமோன்னு பயந்து மாப்பிள்ள வீட்டுல இழுத்துக்கிட்டே இருந்தாவ. இந்த வீடியோவப் பாத்ததும் சரின்னுட்டாவ. இப்பப் போயி வளைவு இல்லன்னு நான் எப்படிச் சொல்லுவேன்?"

ஊராருக்கும் ஆளுக்கொரு காரணம் இருந்தது. செல்வின் வளைவை நம்பி மாடி எடுத்துக்கொண்டிருந்தான். எஸ்றாவின் மச்சினன் மஸ்கட்டிலிருந்து வாழ்த்துச் சொல்லி, நன்றியும் வாங்கிவிட்டான். திருவிழா நோட்டீஸில் வளைவுப் படம் அச்சாகிவிட்டது.

மனு திரும்பப் பெறப்பட்டது. பெனிஸ்டன் பெருமூச்சு விட்டான். அது வருத்தமா நிம்மதியா என்று ஜெபசுதா கேட்டபோது கேமராவைத் துடைத்துக்கொண்டிருந்தான். ரோச் மகளின் கல்யாண வீடியோவை அவனே எடுத்தான். கடற்கரையில் நின்ற பெண்ணையும் மாப்பிள்ளையையும் ஓர் அலை இடுப்பு வரை நனைத்தது. அதை வெட்டிவிட்டு, ரோச் கேட்டபடி பின்னால் தூண்டில் வளைவை வைத்துக் கொடுத்தான். பயனாளிகள் மகிழ்ச்சி என்று அலுவலகமும் அதை வாங்கிக்கொண்டது.

அடுத்த மாதம் பக்கத்து ஊர்க்காரர்கள் பந்தல் போட்டு உண்ணாவிரதம் இருந்தார்கள். சங்குமுனைக்கு மட்டும் என்ன தனிச் சலுகை, எங்களுக்கும் அதே மாதிரி தூண்டில் வளைவு வேண்டும் என்று கோஷம் போட்டார்கள். வாழ்த்திப் பேச ரோச்சை அழைத்திருந்தார்கள். வீட்டுக்குள் புகுந்த கடல் தண்ணீரை இறைத்துவிட்டு வர வேண்டியிருந்ததால் அவருக்குக் கொஞ்சம் தாமதமாகிவிட்டது. வளைவு வந்த பிறகு தங்கள் ஊரில் அலைச் சத்தமே கேட்பதில்லை என்று அவர் மைக்கில் சொன்னபோது பந்தல் முழுக்கக் கைதட்டியது.

பேச்சுவார்த்தைக்கு வந்த ஆறுமுகநயினார், கோரிக்கையில் நியாயம் இருப்பதாகவும், சங்குமுனையில் உள்ள அதே தரத்தில் உடனே அமைத்துத் தரப்படும் என்றும் உறுதியளித்தார். எல்லாரும் பழரசம் குடித்து உண்ணாவிரதத்தை முடித்தார்கள். அவர் அங்கேயே நின்று பெனிஸ்டனுக்குப் போன் போட்டார்.

பெனிஸ்டன் எடுத்தான். "படம் இருக்கா சார்?" என்று கேட்டான்.