அடுப்படியில் எடுத்த நாற்பது படங்கள்

மேசைமேல் இரண்டு விண்ணப்பங்கள் கிடந்தன. ஒன்று, ஹெர்மினியோவின் மனைவி லுஸ்வி கனடாவில் நிரந்தரமாகக் குடியிருக்க. இன்னொன்று, அதற்குப் பதில் வரும்வரை அவள் வேலை பார்க்க. இரண்டையும் ஒரே உறையில் அனுப்பலாம் என்று அரசாங்கமே சொல்லியிருந்தது. ஒன்றுதான் போக வேண்டும் என்று ஹெர்மினியோ முடிவு கட்டினான்.

அவன் பக்கத்திலும் ஒரு நியாயம் இருந்தது. வின்னிபெக்கில் ஒன்பது வருஷம் தனியாக இருந்தவன். தகர டப்பா மத்தி மீனைக் கழுவுதொட்டி ஓரம் நின்றபடியே தின்று தீர்த்தவன். லுஸ்வி பிலிப்பைன்ஸின் இலோய்லோவிலிருந்து பார்வையாளராக வந்த ஐந்து மாதமாகத்தான் சுடுசோறும் பன்றிக்கறிப் புளிச்சாறும். பஸ் பட்டறையிலிருந்து நாலு மணிக்கு வந்தால் மாடிப்படியிலேயே மணக்கும். மேல்வீட்டுப் பெர்லாவோ தான் வேலை செய்யும் குளிர்கோட்டுத் தொழிற்சாலையில் லுஸ்விக்கு ஒரு தையல் மிஷினைச் சொல்லியே வைத்துவிட்டாள். அங்கே வேலை முடிய ஆறு மணி. ஆறு மணிக்கு மேல் எங்கே புளிச்சாறு?

இரண்டு விண்ணப்பம் ஒன்றாகப் போனால் அதிகாரிகள் குழம்பிப்போவார்கள், முதலில் குடியிருப்பு, வேலையை அடுத்த வருஷம் பார்க்கலாம் என்று சுற்றி வளைத்துச் சொன்னான். ஊரில் சொந்தமாகத் தையல் கடை வைத்திருந்தவள், சண்டைக்கு வருவாள் என்றுதான் எதிர்பார்த்தான்.

"சரி, நீ சொன்னா சரிதான்" என்றாள் லுஸ்வி.

அதுதான் அவனைக் குடைய ஆரம்பித்தது. சோற்றுக்கு எவ்வளவு தண்ணீர் என்பதில்கூட அவள் ஒருநாளும் அப்படிச் சொன்னதில்லை. வேலை விண்ணப்பத்தை எடுத்துக் கையுறைகளுக்கு அடியில், இழுப்பறையில் வைத்தான். அதையும் பார்த்துக்கொண்டு சும்மாதான் இருந்தாள்.

"நம்ம கல்யாணம் நெசம்னு அவங்க நம்பணுமே" என்றாள் பிறகு. "கல்யாணப் படம் எல்லாரும்தான் வெக்கிறாங்க. அன்றாடம் எப்படி இருக்கோம்னு தெரியணுமாம். பெர்லா அக்கா சொன்னாங்க."

"அதுக்கு?"

"கரண்டியைப் பிடி."

பிடித்தான். ஒரு படம். முடிந்தது என்று நினைத்தான். மறுநாளும் கூப்பிட்டாள். ஒரே சட்டையில் எல்லாப் படமும் இருந்தால் ஒரே நாளில் எடுத்ததென்று கண்டுபிடித்துவிடுவார்களாம். அவ்வளவுதானே என்று ஒரே மத்தியானத்தில் மூன்று சட்டை மாற்றி நின்றான். லுஸ்வி படங்களைப் பார்த்துவிட்டு ஜன்னலைக் காட்டினாள். வெளியே பனி மூன்றிலும் ஒரே உயரத்தில் குவிந்திருந்தது.

பனிக்குச் சட்டை மாற்ற முடியாது. ஆக, வெவ்வேறு நாள். காலிச் சட்டியைக் கிளறினால் அதிகாரிக்குத் தெரியாதா? ஆக, நிஜமான கறி. அவள் நாற்காலியில் உட்கார்ந்து சொல்லச் சொல்ல அவன் சமைத்தான். வினிகர் ஊற்றினால் கொதி வரும்வரை கிளறக் கூடாது என்றாள். ஏன் என்று கேட்டான். கிளறினால் பச்சை வாடை போகாதாம். ஒருநாள் அவள் பார்க்காதபோது கிளறிப் பார்த்தான். போகவில்லை. நாற்பது படம் சேர்ந்தபோது மூடியைத் திறக்காமலேயே கறி வெந்ததா என்று சொல்லிவிடுவான்.

அவன் கையெழுத்துப் போட வேண்டிய தாள்களைக் கொடுத்தாள். குடும்பம் நடக்கும் விதம் பற்றி ஆங்கிலத்தில் இரண்டு பக்கக் கடிதமும் இருந்தது. யார் படிப்பது? போட்டான். உறையைத் தபாலில் சேர்த்ததும் அவன்தான். கொஞ்சம் கனமாகத்தான் இருந்தது. படங்கள் இருக்கின்றனவே என்று நினைத்துக்கொண்டான்.

நாலு மாதத்தில் லுஸ்விக்கு வேலை அனுமதி வந்தது.

ஹெர்மினியோ ஓடிப்போய் இழுப்பறையைத் திறந்தான். கையுறைக்கு அடியில் விண்ணப்பம் வைத்தபடியே இருந்தது.

"அது அங்கதான் இருக்கும். பெர்லா அக்கா எனக்கு வேற ஒண்ணு அச்சடிச்சுக் குடுத்தாங்க."

"என் கையெழுத்து இல்லாம எப்படி?"

"அந்தத் தாள்ல உன் கையெழுத்துக்கு எடமே இல்லியே. வேலைக்குப் போறது நான்தானே?"

அவன் உட்கார்ந்துவிட்டான். போகட்டும், சாயங்காலச் சமையல் என்ன ஆவது என்று கேட்டான். லுஸ்வி கடிதத்தின் நகலை எடுத்து வந்து, ஒரு வரியில் விரல் வைத்துப் படித்தாள். எங்கள் வீட்டில் தினமும் மாலையில் சமைப்பது நான். இப்படிக்கு, ஹெர்மினியோ தும்லாவ்.

"அது சும்மா படத்துக்குத்தானே?"

"வெளிய சொல்லிடாத" என்று குரலைத் தாழ்த்தினாள். "நேர்ல கூப்பிட்டா ஆளுக்கொரு அறையில உக்கார வெச்சுக் கேப்பாங்களாம், வீட்ல யாரு சமைக்கிறதுன்னு. நான் நீதான்னு சொல்லுவேன். நீ என்ன சொல்லப் போற?"

பதில் ஒத்துப்போகாவிட்டால் கல்யாணமே பொய் என்பார்கள். அவளை விமானம் ஏற்றிவிடுவார்கள். மறுபடியும் கழுவுதொட்டி, மறுபடியும் மத்தி மீன். மீனைக்கூடச் சகித்துக்கொள்ளலாம். எதிரே அந்த நாற்காலி காலியாக இருப்பதை அவனால் நினைத்துப் பார்க்க முடியவில்லை.

திங்கட்கிழமை அவள் தொழிற்சாலைக்குப் போனாள். அவன் பூண்டு உரித்தான். ஒவ்வொரு நாளும் உரித்தான். யாரும் எதுவும் கேட்கவில்லை.

பதின்மூன்று மாதம் கழித்து நிரந்தரக் குடியிருப்பு அட்டை வந்தது. ஹெர்மினியோ இடுப்பிலிருந்த சமையல் துணியை அவிழ்த்து, நாலாக மடித்து, அவள் முன்னால் வைத்தான்.

"இனிமே யாரும் வந்து கேக்கமாட்டாங்க" என்றான்.

லுஸ்வி அட்டையை முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தாள். பிறகு துணியை உதறி, அவன் இடுப்பிலேயே கட்டி, முடிச்சை இறுக்கினாள்.

"எங்கம்மா கேப்பாங்க. அந்த நாற்பது படத்தையும் பாத்துட்டு, மாப்பிள்ளை சமையலைச் சாப்பிட அடுத்த மாசம் வராங்க."