இனித்த வெள்ளிக்கிழமை மழை

மழையை நாக்கால் ஆராய்ந்த மனிதர் இலங்கை முழுவதிலும் ஒருவர்தான் இருந்தார். அவர் எங்கள் மழை ஐயா.

புளத்கொகுபிட்டியப் பக்கத்து ரப்பர் தோட்டமொன்றில் மருந்து கொடுப்பது அவர் வேலை. ஊர் யாழ்ப்பாணம். நான் அந்தத் தோட்ட அலுவலகத்தில் இளம் கிளாக்கர். காய்ச்சல் என்று போனவனின் நாக்கைப் பார்க்குமுன் வானத்தைப் பார்ப்பார். வீட்டுக்குப் பின்னால் பிஸ்கட் தகரத்தில் வெட்டிய காற்றுச்சேவல். வேலி போட்ட மேடையில் மழை அளக்கும் செப்புக் குவளை. அளவுகளைச் சுவரில் கரியால் எழுதுவார். முன்னறைச் சுவர்கள் நிறைந்து, சமையலறைக்கும் மழை பரவியிருந்தது.

ஒருநாள் குவளையோடு ஓடி வந்தார்.

“தம்பி, வெள்ளிக்கிழமையிலை தவறாமல் மழை பெய்யுது!”

“நேற்றும் வெள்ளிதானே ஐயா. ஒரு பொட்டு மேகமும் இல்லையே!”

“அதுதான் அதிசயம். மேகமில்லாமலே குவளையிலை தண்ணி. எறும்பும் மொய்க்குது. ருசி பார்த்தன், இனிக்குது! இந்தாரும், நீரும் ஒரு சொட்டு நக்கிப் பாரும்.”

“உங்களுக்கு விசரோ?” என்று சிரித்துவிட்டு நகர்ந்தேன். ஐயாவுக்குப் பைத்தியம் என்று தோட்டம் முழுவதும் சொல்லிச் சிரித்தேன். அன்று அந்தச் சொட்டை நக்கியிருந்தால், அடுத்து வந்த கூத்து நடந்திராது.

ரப்பர் பால்வெட்டும் முத்தம்மா தன் மகள் கல்யாணத்தை ஒரு வெள்ளிக்கிழமை வைத்திருந்தாள். தொழிலாளர் லயத்து முற்றத்தில் ஓலைப் பந்தல். மழை ஐயா நேரே போய் நின்றார்.

“கல்யாண நாளை மாத்து, முத்தம்மா. வெள்ளியிலை மழை நிச்சயம். என்ரை சுவர் சொல்லுது.”

“ஐயோ, மாப்பிள்ள வீட்டுக்காரங்க எஹலியகொடயில இருந்து வர்றாங்க. மாத்துனா சம்பந்தமே முறிஞ்சு போயிரும்ங்க!”

அடுத்த வெள்ளி குவளையில் மழை இரண்டு மடங்கானது. அதற்கடுத்த வெள்ளி குவளை வழிந்தது. ஐயா பந்தல்காரர்களிடம், “இந்த மழைக்குப் பந்தல் காணாது, தோணி கட்டுங்கோ” என்றார்.

கல்யாணத்தன்று விடியலில் மழையை அளக்கச் சாட்சிக்கு என்னையும் இழுத்துக்கொண்டு குவளையடிக்குப் போனார். குவளைக்கு முன்னால் முத்தம்மா நின்றாள். குவளையில் குங்குமப் பொட்டு. அவள் கையில் சீவிய செவ்விளநீர்.

“மழைச்சாமி, இன்னைக்கு ஒரு நாளு பொறுத்துக்கங்க சாமி!” என்று குவளைக்குள் ஊற்றினாள்.

“என்ன செய்யிறாய் நீ?”

“நீங்கதானே ஐயா தினம் குளிச்சிட்டு வந்து, குனிஞ்சு, முணுமுணுன்னு மந்திரம் சொல்றீங்க? பெரிய சாமின்னுதான் வெள்ளிக்கு வெள்ளி இளநி ஊத்துறேன். மழை வரும்னு நீங்க சொன்னதுல இருந்து கூடுதலா ஊத்துறேன்.”

நான் வயிற்றைப் பிடித்துக்கொண்டேன். ஐயா சிரிக்கவில்லை; விரல்களை மடக்கிக் கணக்குப் போட்டார். முகம் மலர்ந்தது.

“இளநீரைக் கழிச்சால் வெள்ளியிலை மழையே இல்லை, தம்பி! முத்தம்மா, மேளத்தை அடிக்கச் சொல்லு!”

தாலி ஏறும்வரை நல்ல வெயில். பந்தியில் இலை போட்டதும் கொட்டியது பாருங்கள் மழை! ஐயா தன் குடையை மணப்பெண்ணுக்குப் பிடித்துவிட்டுத் தான் முழுக்க நனைந்தார்.

“தாலி ஏறுற வரைக்கும் சாமி பொறுத்துச்சுங்க!” என்று முத்தம்மா அவரைக் கும்பிட்டாள்.

ஐயாவுக்கோ அழுகை வராத குறை. “உண்மையான வெள்ளிக்கிழமை மழை, தம்பி! அளக்க ஏலாது. குவளை நிறைய இளநீர்!”

அவர் நீட்டிய சொட்டை மறுத்தது இந்த வயதிலும் உறுத்துகிறது. வெள்ளிக்கிழமை மழை வந்தால் முற்றத்தில் இறங்கி நாக்கை நீட்டுகிறேன். சப்பென்றுதான் இருக்கிறது. ஆனால் அவர் வந்து கேட்டால், இனிக்கிறது என்றுதான் சொல்வேன்.